‘ங’வுக்குக் குரல் கொடுத்தது யார்?

ஜூன் 8, 2025, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்து. உனக்குத் தெரிந்த எழுத்துகள்: இருநூற்று நாற்பத்தேழு. நீ கூப்பிடும் ஆட்கள்: பூஜ்யம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு இப்போது மூன்று வயது எட்டு மாதம். இதை நீ படிக்கும்போது இன்றைய என் வயது உனக்கு ஆகியிருக்கலாம். நாளைக் காலையில் உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு களம்பூருக்கு, தன் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். மூன்று மாதம் அங்கேதான் இருக்கப்போகிறீர்கள். நானும் கூட வருகிறேனா, ஆரணியிலேயே இருந்து வேலையைப் பார்க்கிறேனா என்று இன்று பொழுது சாய்வதற்குள் அவளிடம் சொல்லியாக வேண்டும். எனக்குக் கடிதம் எழுதியெல்லாம் பழக்கமில்லை. டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவன். பட்டுத் தறிகளில் டிசைன் விழ வைக்கிற ஜக்கார்டு மிஷின்களின் சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்க்கிறவன். பழுது என்றால் அதற்குக் காரணம் ஒன்று இருக்கும். காரணம் பிடிபட்டால் சரி செய்துவிடலாம். இத்தனை நாளும் என் பிழைப்பு அப்படித்தான் ஓடியது. உன் விஷயத்தில் ஓடவில்லை. நீ வளர்ந்தபிறகு வந்து “அப்போ நீ இன்னா பண்ணிகினு இருந்தே?” என்று என்னைக் கேட்டால், இப்போது தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதி வைத்திருக்க வேண்டும் இல்லையா? அதற்குத்தான்.

முதலில் நம் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் கூடம், பின்பக்கம் உன் தாத்தாவின் நான்கு பவர்லூம்கள், நடுவில் ஒரே ஒரு பிளைவுட் கதவு. தறி ஓடுகிற நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து பேசினால்கூடக் காதில் விழாது. அதனால் இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை, கையைத்தான் ஆட்டுவோம். உள்ளங்கையில் விரலால் ஒரு கோடு இழுத்தால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. தலைக்கு மேல் கையைச் சுற்றினால் பட்டு வாங்குகிற பார்ட்டி வந்திருக்கிறார், வெளியே வா. நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான். கல்யாணமாகி வந்த புதிதில் உன் அம்மா, “இன்னாங்க இது, ஊமைங்க வீட்டுக்கா குடுத்துட்டாங்க என்னை?” என்று கேட்டாள். ஆறே மாதத்தில் அவள் கைதான் வீட்டிலேயே அதிகம் பேசியது.

நீ தவழ்கிற பருவத்தில் காலையில் தறி கிளம்பியதும் திடுக்கிட்டு அழுவாய். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் முகத்தை வைத்து அழுவாய். எனக்குப் பொறுக்கவில்லை. வெளிச்சத்தம் நுழையாத நல்ல ஹெட்செட் ஒன்றை வாங்கி, உன் தலைக்குத் தகுந்தபடி அதன் வளையத்தைச் சூடுகாட்டி வளைத்து, நானே ஸ்பாஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். வெறும் ஹெட்செட்டை நீ பிய்த்து எறிந்தாய். அதில் ஏதாவது ஓடினால் வைத்துக்கொண்டாய். எதை ஓடவிடுவது? கண்ட குப்பையையும் பிள்ளைக்குப் போடக்கூடாது என்று பிடிவாதமாக எழுத்துக் கார்ட்டூன் மட்டும் போட்டேன். இந்தத் தெருவில் பிள்ளையின் காதைப் பற்றி இவ்வளவு யோசித்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்குப் பெருமை வேறு.

எழுத்துக் கார்ட்டூன் ஏன் என்றால், நான் எழுத்துக் கற்றதே அதில்தான். நான் சின்னப் பையனாக இருந்தபோது சாயங்காலத்தில் குழந்தைகளுக்கான கல்வி நிகழ்ச்சி ஒன்று டி.வி.யில் வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் கை கால் முளைத்திருக்கும். ‘ஔ’ எங்கே போனாலும் முதுகில் ஒரு மூட்டை. இறக்கி வைத்தால் தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாதே என்று பயந்து மறுபடியும் தூக்கிக்கொள்ளும். ‘ழ’வின் வால் கதவிடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஃ என்பது மூன்று கோலிக்குண்டுகள்; மூன்றாவது குண்டு எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேரும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ‘ங’. அது பஸ் ஸ்டாப்பில் நிற்கும். ஒவ்வொரு வார்த்தையும் ஒரு பஸ். ‘ங’ ஓடிப்போய் முன் சீட்டில் ஏறப் பார்க்கும், கண்டக்டர் இறக்கிவிடுவார். அடுத்த பஸ், அதே கதை. நடுவில் நின்றுகொண்டு போகச் சம்மதித்தால் எந்த பஸ்ஸிலும் இடம் உண்டு, ஆனால் அதற்கு முன் சீட்தான் வேண்டும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. எங்கள் டி.வி.யின் ஸ்பீக்கர் எப்போதோ கிழிந்துவிட்டது. தறிச் சத்தத்தில் அது யாருக்கும் தெரியவே இல்லை. சத்தம் கேட்க வேண்டுமென்றால் தறி நிற்க வேண்டும். தறி நிற்பது கரண்ட் போனால். கரண்ட் போனால் டி.வி.யும் போய்விடும். டி.வி.யை விற்கும்போது கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு, “இன்னாங்க, ஸ்பீக்கர் புட்டுகினு கீதே?” என்றார். தாத்தா அதுவரைக்கும் அது நல்ல டி.வி. என்றே நம்பியிருந்தார்.

போன வருடம் யாரோ ஒருவர் அந்தப் பழைய கார்ட்டூன்களை, பழைய கேசட்டிலிருந்து எடுத்ததோ என்னவோ, கோடுகோடாக இழுத்துக்கொண்டு தெரிகிற நிலையில் இணையத்தில் ஏற்றியிருந்ததைப் பார்த்தேன். அன்றே உனக்குப் போட்டேன். நான் சிரித்த அதே இடத்தில், கண்டக்டர் ‘ங’வின் பின்கழுத்தைப் பிடித்து இறக்கும்போது, நீயும் சிரித்தாய். உனக்கு ஹெட்செட்டில் சத்தம். எனக்கு வெறும் படம். இரண்டு பேரும் ஒரே போனைப் பார்த்துச் சிரித்தோம். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ஹெட்செட்டைப் பிடுங்கச் சொன்னபோது நான் ஏன் அவ்வளவு முரண்டு பிடித்தேன் என்பதற்கு அதுதான் காரணம்.

பிடுங்கச் சொன்னது எப்படி வந்தது என்றால், அது ஒரு கல்யாணத்தில் தொடங்கியது. உன் அம்மாவின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், மண்டபத்தில் நல்ல கூட்டம். யாரையும் கூப்பிடாத, வாய் திறந்து எதையும் கேட்காத நீ, வாசல் வளைவில் எழுதியிருந்த பெயர்களைச் சத்தமாகப் படித்தாய், அன்பளிப்புப் பையில் இருந்ததைப் படித்தாய், வாசலில் நின்ற வேனின் நம்பர் பிளேட்டைப் படித்தாய். ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். “இவன் கலெக்டர்தான்” என்றார் ஒருவர். “கலெக்டருக்கு மேல இன்னாய்யா?” என்றார் இன்னொருவர். பந்தி ஓரத்தில் தண்ணீர் கேன்கள் அடுக்கி இருந்தன. நீ ஒரு கேனுக்கு முன்னால் போய் நின்று, அதில் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாய். கு, டி, நீ, ர். கைதட்டினார்கள். மறுபடியும் படித்தாய். மறுபடியும் தட்டினார்கள். நானும் தட்டினேன், போனில் படமும் எடுத்தேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ நீ அந்தத் தாளை நகத்தால் கீறிக்கொண்டே அழ ஆரம்பித்தாய். உன் அம்மா இலை போட்டுக்கொண்டிருந்தவள் ஓடிவந்து, “புள்ளைக்கு நாக்கு வறண்டு போய் கீது, நீங்க இன்னா கை தட்டிகினு நிக்கிறீங்க?” என்று கத்தினாள். நீ இரண்டு டம்ளர் குடித்தாய். மண்டபமே கேட்கும்படி அவள் கத்தினாள், ஏனென்றால் நம் வீட்டில் எல்லோருக்குமே குரல் அப்படித்தான். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, போட்டுப் பார்க்கவும் முடியவில்லை.

அடுத்த வாரம் வேலூருக்குப் போனோம், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு மேடத்திடம். சின்ன அறை, கதவைச் சாத்தினால் ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது. அவங்க உன்னோடு தரையில் உட்கார்ந்து பந்து உருட்டிப் பார்த்தாங்க, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாங்க. காது நன்றாகக் கேட்கிறது என்று ஏற்கெனவே பரிசோதனை எடுத்திருந்தோம். “வீட்ல பையன்கிட்ட எப்படிப் பேசுவீங்க?” என்று கேட்டாங்க. நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, நீங்களே சொல்லுங்க என்று கையால் ஜாடை காட்டினாள். மேடம் அதைப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டாங்க. நான் தறிச் சத்தம், ஹெட்செட், கார்ட்டூன் எல்லாவற்றையும் விளக்கினேன். “கொஞ்சம் மெதுவா பேசுங்க சார், பக்கத்து ரூம்ல குழந்தைங்க இருக்காங்க” என்றாங்க.

“அப்போ ஹெட்செட்தான் காரணமா? இல்ல கார்ட்டூனா? இல்ல வீட்ல பேசாததா? எது, ஒண்ணு சொல்லுங்க” என்று நான் கேட்டேன்.

“அப்படி ஒண்ணுன்னு சொல்ல முடியாது சார். இது எதுவும் இல்லாமலும் சில பிள்ளைங்க இப்படி இருப்பாங்க. இன்னும் சில டெஸ்ட் பார்க்கணும். அதுக்கு முன்னாடி நான் பேர் வைக்க மாட்டேன்.”

“காரணம் தெரியாம எப்படி மேடம் சரி பண்றது?”

“இன்னிக்கு என்ன பண்ணணும்னு சொல்றேன், அதைப் பண்ணுங்க. போனும் ஹெட்செட்டும் மூணு மாசம் வேண்டாம். முகத்துக்கு நேரா உட்காருங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்துங்க, காத்திருங்க.”

“எவ்ளோ நேரம் காத்திருக்கிறது?” என்று கேட்டேன். அவங்க சிரித்தாங்க. நான் உண்மையாகத்தான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆரம்பித்தது சண்டை. உன் அம்மா சொன்னது: இந்தச் சத்தத்தில் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாலும் ஒன்றும் கேட்காது, களம்பூருக்குப் போகலாம், அங்கே அண்ணனின் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேச்சு ஓயாத வீடு. தாத்தா குறுக்கே பாய்ந்தார். “தறிச் சத்தத்துக்கு பயந்துகினு ரைஸ் மில்லு ஊருக்கு போறீங்களா? அங்க இன்னா, நெல்லு தாலாட்டு பாடுதா?” உன் அம்மாவும் விடவில்லை. “மில்லு ஊர்ல கீது மாமா, கூடத்துல இல்ல.” தாத்தா என் பக்கம் திரும்பினார். “இதே கூடத்துலதானே உன்னை வளர்த்தேன்? நீ பேசலியா? பேசிப் பேசி இப்போ பேஜார் பண்ணலியா?” அவர் கேட்டது சரியான கேள்வி. அதே வீடு, அதே சத்தம், அதே கார்ட்டூன். நான் பேசினேன், நீ பேசவில்லை. இரண்டு சர்க்யூட்டும் ஒன்றுபோல இருந்து ஒன்று மட்டும் ஓடினால், வித்தியாசம் எங்கே என்று பார்ப்பதுதான் என் தொழில்.

உன்னிடமிருந்து ஹெட்செட்டை வாங்கிய அன்று நீ தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாய். உன் அம்மா உன்னை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து, என்னதான் இருக்கிறது இதில் என்று அந்த ஹெட்செட்டை என் தலையில் மாட்டி ‘ங’ வருகிற பகுதியைப் போட்டேன். சொன்னால் நம்பமாட்டாய், அந்தக் கார்ட்டூனின் சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறேன். ஒரு பெண்குரல், தேன் தடவிய மாதிரி: “வணக்கம் குழந்தைகளே, என் பெயர் ங. எனக்கு ஓர் இருக்கை கிடைக்குமா?” கண்டக்டர்கூட, “மன்னிக்கவும், இடமில்லை” என்றுதான் சொல்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ஞாபகத்தில் இருக்கிற ‘ங’ அப்படிப் பேசாது. “யோவ் கண்டக்டரு, ஜல்தியா ஒரு சீட்டு குடுய்யா, முதுகு நோவுது” என்றுதான் கேட்கும். கண்டக்டர், “எறங்குடா டேய், மூஞ்சைப் பாரு, கொக்கி மாதிரி” என்று கத்துவார். அந்தக் குரல் இன்றும் என் காதில் அப்படியே இருக்கிறது. ஊமை டி.வி.யில் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

ஆண் குரல். காதோரம் குனிந்து, தறிச் சத்தத்துக்கு மேலே கத்துகிற குரல். வெற்றிலை வாசனைகூட நினைவு வருகிறது. தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும். நூல் சுற்றிய தார்க்குச்சிகளை எடுக்கக் கூடத்துக்கு வருவார்; வந்த இடத்தில் டி.வி.யைப் பார்த்து நக்கலடித்துவிட்டுப் போயிருப்பார். எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அவருக்கு எண்ணமே இருந்திருக்காது. ஆனால் போய்க் கேட்டேன்.

“நானா? எனக்கு ஏதுடா நேரம், டி.வி. கிட்ட நின்னுகினு கதை பேச?” என்றார்.

“அந்த பஸ் ஸ்டாப்புல நிக்குமே, ங. அதுக்கு யாரு பேசினது?”

“அது பேசவே பேசாதேடா. ஊமைப் படம்தானே அது?”

ஸ்பீக்கர் போனது தெரிந்த பிறகும், கார்ட்டூனே ஊமை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் இல்லையென்றால் அந்தக் குரல் யாருடையது? அப்போது தறியில் வேலைக்கு இருந்த யாராவதா? நானே கற்பனை செய்துகொண்டதா? ஒருவேளை எனக்கு எழுத்தைக் கற்றுக் கொடுத்தது டி.வி.யே இல்லையோ? காதில் கத்திய அந்த ஆள்தானோ? அப்படியென்றால் சுத்தமான சத்தத்தைக் கொடுத்து, கத்துகிற ஆளை நீக்கிவிட்டேனா நான்? இந்தக் கணக்கு அழகாக வருகிறது. அழகாக வருவதால்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மேடம் சொன்ன மாதிரி, இது எதுவும் இல்லாமலும் நீ இப்படித்தான் இருந்திருப்பாயோ என்னவோ. அப்படி இருந்தால் உன்னில் பழுது என்று ஒன்றும் இல்லை, நான்தான் டெஸ்டரை வைத்துக்கொண்டு தப்பான இடத்தில் குத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் மாற்றி மாற்றி நம்புகிறேன். காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று.

இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஆர்டர் அவசரம், ஞாயிறும் தறி ஓட்டுவேன் என்று நேற்று சொல்லியிருந்தார் தாத்தா. காலையில் ஓட்டவில்லை. “லோ வோல்டேஜ், மோட்டார் புகைஞ்சிடும்” என்று சொல்லிவிட்டுக் கதவோரம் பேப்பரைப் பிரித்து உட்கார்ந்தார். நான் மீட்டரைப் பார்த்தேன். வோல்டேஜ் சரியாகத்தான் இருந்தது.

உன்னை எனக்கு எதிரே உட்கார வைத்தேன். போன் கூடாது என்று மேடம் சொன்னதால், ஒரு அட்டையில் ‘ங’ வரைந்து கை கால் போட்டு, தீப்பெட்டியை பஸ்ஸாக நிறுத்தினேன். வாயைத் திறந்து, “யோவ் கண்டக்டரு, ஒரு சீட்டு குடுய்யா” என்றேன். எனக்கே கூச்சமாக இருந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை. காதைத் தடவிப் பார்த்தாய், ஹெட்செட்டைத் தேடி பீரோவைத் தட்டினாய், அழுதாய். மறுபடியும் செய்தேன். தீப்பெட்டியைத் தூக்கி எறிந்தாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வேலைக்கு ஆவாது” என்று எழுந்தேன். அப்போது கதவோரத்திலிருந்து, பேப்பரை இறக்காமலே, தாத்தா சொன்னார்: “அப்படி இல்லடா. கண்டக்டர் இன்னும் எகத்தாளமா பேசுவான்.”

ஊமைப் படத்தில் கண்டக்டர் எப்படிப் பேசுவான் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தீப்பெட்டியை எடுத்துவந்து மறுபடி உட்கார்ந்தேன். “எறங்குடா டேய்” என்று கொஞ்சம் எகத்தாளமாகவே சொன்னேன். நீ அழுகையை நிறுத்திவிட்டு நின்றாய். இன்னொரு தடவை ‘ங’வை பஸ்ஸில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு, மேடம் சொன்னபடி நிறுத்தினேன். காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உன் அம்மாவைக் கேள். நீ கிட்டே வந்தாய். என் கீழுதட்டை இரண்டு விரலால் பிடித்துக் கீழே இழுத்தாய்.

வலித்தது. உன் நகம் வளர்ந்திருந்தது. “எறங்குடா டேய்” என்றேன். உதட்டை விட்டாய். நான் நிறுத்தியதும் மறுபடி இழுத்தாய்.

அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்த உன் அம்மா, “உங்கள ஆன் பண்றான் பாருங்க” என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அதுதான் குழப்பம். போனில் பட்டனைத் தொடுவது போலத்தான் என் உதட்டைத் தொட்டாயா? உனக்கு நான் இன்னொரு மிஷினா? இல்லை, மூன்று வயது எட்டு மாதத்தில் முதல்முறையாக என்னைக் கூப்பிட்டாயா? தெரியவில்லை. உதடு இன்னும் எரிகிறது. அறிவுரை என்று உனக்கு ஏதாவது எழுத வேண்டுமென்றால் இதுதான்: தெரியாததைத் தெரியும் என்று யாரிடமும் சொல்லாதே. நான் இன்று உன்னிடம் சொல்லவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை நானும் களம்பூருக்கு வருகிறேன். வேலைக்கு அங்கிருந்து பைக்கில் வந்து போவேன். பார்ட்டிகள் கத்தினால் கத்தட்டும்.

2. தாத்தாவையும் வாரம் ஒருநாள் வரச் சொல்வேன். வரமாட்டேன் என்பார். வருவார்.

3. வேலூரில் மீதி டெஸ்ட்டுகளை எடுப்போம். அவங்க என்ன பெயர் சொன்னாலும் சண்டை போடாமல் கேட்டுக்கொள்வேன். குறைந்தபட்சம் அந்த அறையை விட்டு வெளியே வரும்வரை.

4. நீ எதையாவது படித்தால், அடுத்த நொடி உனக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பேன்.

5. இன்று சாயங்காலம் உன் நகத்தை வெட்டுவேன்.

6. நீ இதைப் படித்துவிட்டாய் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்காது. நீ படிப்பாய் என்பது எனக்கு இப்போதே தெரியும். அதனால் படித்து முடித்ததும் பேசாமல் மடித்து வைத்துவிடாதே. நேராக என்னிடம் வந்து திட்டு. வாயால் திட்டு. வாயால் முடியாவிட்டால் கையால் திட்டு, எனக்கு அந்த பாஷையும் நன்றாகத் தெரியும். எப்படித் திட்டினாலும் சரி, என் முகத்தைப் பார்த்துத் திட்டு. நான் காத்திருக்கிறேன்.